கூட்டு முயற்சியும் அஜைல் முறையும்

தேர்த் திருவிழாவன்று வடம் பிடித்து நிற்போரை உற்று நோக்கியவர் ஓர் உண்மையை அறிந்திருப்பர். நூற்றுக்கணக்கானோர் கைபட்ட வடம் ஒருகால் நாண் போல் இறுகி நிற்கும். ஒருகால் தளர்ந்து நிலத்திற் புரளும். முன்னே நிற்பவர் இழுக்கும்போது பின்னே நிற்பவர் மூச்சு வாங்குவர். பின்னவர் இழுக்கும்போது முன்னவர் திரும்பிப் பார்ப்பர். வடத்தைத் தொட்டவர் அனைவரும் வடத்தை இழுத்தவராகார். இது நம்மூர்க்கு மாத்திரம் உரிய இயல்பன்று. பிரான்சு தேசத்து வேளாண்மைப் பொறியியலாளராகிய மக்ஸ் றிங்கல்மான் என்பார், மனிதரைக் கயிறு இழுக்கச் செய்து அவர்தம் பலத்தை அளந்து, 1913 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். எட்டுப் பேர் கூடி இழுக்கும்போது ஒவ்வொருவரும் செலுத்திய பலம், அவர் தனித்து நின்று செலுத்தும் பலத்தின் ஏறக்குறையப் பாதியளவாகக் குறைந்திருந்தது. இழுக்கும் கணம் ஒன்றாமையும், பிறர் இழுப்பர் என்ற எண்ணத்தால் தாம் சற்றே தளர்தலும் ஆகிய இரண்டும் இக்குறைவுக்குக் காரணங்களெனப் பிற்காலத்து உளநூலார் ஆராய்ந்து கூறினர்.

கயிறு இழுத்தலிலேயே இவ்வாறாயின், கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலாத பொருளொன்றைப் பலர் கூடி ஆக்கும் தொழிலில் நிலைமை எவ்வாறிருக்கும்? அத்தகைய தொழிலே கணினி மென்பொருளாக்கம். நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கொழும்பிலும், யாழ்ப்பாணத்திலும், கடல் கடந்த நாடுகளிலும் இத்தொழிலாற் சீவனம் நடத்துகின்றனர். இப்பொழுது கற்கும் மாணவரிற் பலரும் இதனையே நாடுவர். அத்தொழிலில் ‘அஜைல்’ என வழங்கும் முறை யாது, அது கூடித் தொழில் செய்வோரை எவ்வாறு மாற்றுகின்றது, எவ்விடத்தில் அவர்களைக் கெடுக்கவும் செய்கின்றது என்பவற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருளாக்கம் ஒரு பொறியியற்றுறையாகக் கருதப்படத் தொடங்கியது 1968 ஆம் ஆண்டளவிலாகும். அவ்வாண்டு ஜேர்மனியிலுள்ள கார்மிஷ் என்னும் ஊரில் நடந்த மாநாடொன்றில், பெரிய மென்பொருட் செயற்றிட்டங்கள் காலம் கடந்தும் செலவு மிஞ்சியும் பிழை மலிந்தும் முடிவுறுகின்றன என்று அறிஞர் பலர் முறையிட்டனர். இதற்குப் பரிகாரமாகப் பலரும் கைக்கொண்ட வழி, வீடு கட்டுவோர் வழியை ஒத்தது. முதலில் வேண்டியவற்றையெல்லாம் எழுதி முடித்தல், பின்னர் வரைபடம் வகுத்தல், பின்னர் ஆக்குதல், ஈற்றில் சோதித்தல். மலையினின்று படிப்படியாக வீழும் நீர் மேலே திரும்பாதவாறு போல, ஒரு படி முடிந்தபின் அடுத்த படி என்று செல்லுதலின், இதனை நீர்வீழ்ச்சி முறை என்பர். 1970 ஆம் ஆண்டில் வின்ஸ்ரன் றோயிஸ் எழுதிய கட்டுரையே இம்முறைக்கு மூலமென்று கூறுவது வழக்கம். ஆயின், அவ்வாறு ஒரே ஒழுக்கிற் செல்லுதல் ஆபத்தானதென்றும் தோல்வியை வரவழைக்குமென்றும் அக்கட்டுரையிலேயே அவர் எச்சரித்திருந்தார். படத்தைக் கண்டோர் பலர். எச்சரிக்கையைப் படித்தோர் சிலர்.

இம்முறையின் குறை யாதெனில், பிழை பிறக்கும் காலத்துக்கும் அது வெளிப்படும் காலத்துக்கும் இடையே மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் கழிந்துவிடுதலாம். வேண்டியதை எழுதியவர் ஒருவர், ஆக்கியவர் வேறொருவர், சோதித்தவர் மற்றுமொருவர் என்று பிரிந்து நிற்பர். பிழை வெளிப்படும் நாளில் ஒருவர் மற்றவரைச் சுட்டுதலே எஞ்சும். காலம் பிந்திய வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தல் என்னும் வழியும் பயன் தருவதன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் மிகப் பெரிய செயற்றிட்டமொன்றை நடத்திய பிரெட் புறூக்ஸ், 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆட்களைக் கூட்டினால் அவ்வேலை இன்னும் பிந்தும் என்று காட்டினார். புதியவர்க்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை விட வேண்டும். அன்றியும் ஒருவரோடொருவர் பேச வேண்டிய வழிகள் பெருகும். ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசும் வழிகள் 10, பதின்மராயின் 45, இருபதின்மராயின் 190. ஆட்கள் நான்கு மடங்காகும்போது வழிகள் பத்தொன்பது மடங்காகின்றன.

இந்நிலையில், சிறு குழுக்களாகப் பிரிந்து சிறு தவணைகளில் ஆக்கிக் காட்டும் வழிகளை 1990 ஆம் ஆண்டுகளில் பலர் தனித்தனியே பயின்று வந்தனர். அவற்றுள் ஒன்று ‘ஸ்கிறம்’ எனப்படும். றக்பி விளையாட்டில் வீரர் தோளோடு தோள் கோத்து நிற்கும் நிலையின் பெயரிது. தக்கேயுச்சி, நொனாக்கா என்னும் யப்பானிய அறிஞர் இருவர், புதுப் பொருட்களை ஆக்கும் குழுக்களை றக்பிக் குழுக்களுக்கு ஒப்பிட்டு 1986 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து இவ்வுவமை எடுக்கப்பட்டது. ஜெப் சதர்லாந்து, கென் ஷ்வேபர் என்போர் 1995 ஆம் ஆண்டில் இதனை மென்பொருளாளர் மாநாட்டில் எடுத்துரைத்தனர். கென்ற் பெக் என்பார் வகுத்த வேறொரு வழியில், இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து ஒரே நிரலை எழுதுதல் முக்கிய பழக்கமாகும். 2001 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து மலைப்பகுதியான ஸ்னோபேட்டில், இத்தகைய வழிகளைப் பின்பற்றிய பதினேழு பேர் கூடித் தமக்குள் பொதுவானவற்றை ஒரு சிறு சாசனமாக வெளியிட்டனர். அதுவே அஜைல் சாசனம். அஜைல் என்னும் ஆங்கிலச் சொல் விரைந்து திரும்பி இயங்கும் ஆற்றலைக் குறிப்பது. அச்சாசனத்தில் கூறப்பட்ட நான்கு மதிப்புகளுள் முதலாவது, முறைகளையும் கருவிகளையும் விட மனிதரும் அவர்தம் ஊடாட்டமும் மேலானவை என்பதாகும். பொறியியலாளர் வெளியிட்ட அறிக்கை மனிதரை முதலில் வைத்துத் தொடங்கியமை சிந்தித்தற்குரியது.

இனி, ஸ்கிறம் முறையில் ஒரு குழு எவ்வாறு இயங்குகின்றதென்று காண்போம். குழுவினர் பத்துப் பேருக்கு மேற்படாமை நன்று. ஒரு மாதத்துக்கு மேற்படாத தவணையொன்றைக் குறிப்பர். இரு வாரத் தவணையே பெருவழக்கு. வேண்டியவற்றுள் முதன்மையானது யாது என்று வரிசைப்படுத்தும் பொறுப்பு ஒருவருக்கு உண்டு. முறை வழுவாது காத்துத் தடைகளை நீக்க உதவுபவர் மற்றொருவர். ஏனையோர் ஆக்குவோர். தவணைத் தொடக்கத்தில் இத்தவணையில் எதை முடிப்போம் என்று குழுவினரே தீர்மானிப்பர். நாடோறும் பதினைந்து நிமிடம் மாத்திரம் கூடி, வேலை எங்கே நிற்கின்றது, தடை யாது என்று தமக்குள் அறிந்துகொள்வர். தவணை முடிவில் ஆக்கிய பொருளை இயக்கிக் காட்டுவர். அதன்பின், நாம் கூடி வேலை செய்த விதத்தில் நன்று யாது, திருந்த வேண்டியது யாது என்று தம்மைத் தாமே மீள்நோக்குவர்.

இச்சிறு சடங்குகள் குழுவின் நோய்களுக்கு எவ்வாறு மருந்தாகின்றன? பற்றிக் லென்சியோனி என்னும் அமெரிக்க எழுத்தாளர் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், குழுக்களைப் பீடிக்கும் நோய்களை ஐந்தாக வகுத்தார். நம்பிக்கையின்மை, கருத்து மோதலுக்கு அஞ்சுதல், உறுதிப்பாடின்மை, ஒருவரையொருவர் பொறுப்புக் கேளாமை, கூட்டுப் பயனிற் கருத்தின்மை என்பன அவை. இவை அடுக்கடுக்காக ஒன்றன்மேல் ஒன்று நிற்பன, அடியிலுள்ளது நம்பிக்கையின்மை. ஒருவரையொருவர் நம்பாதார் வெளிப்படையாக வாதாடார்; வாதாடாதார் மனமார உடன்படார்; உடன்படாதாரைப் பொறுப்புக் கேட்டல் இயலாது; பொறுப்பு இல்லாதவிடத்து ஒவ்வொருவரும் தத்தம் பெயரையே பேணுவர்.

அஜைல் முறை இவை ஒவ்வொன்றோடும் மோதுகின்றது. வேலையின் அளவைக் குழுவினரே நிச்சயித்தலால் உடன்பாடு மெய்யாகின்றது. நாள்தோறும் கூடுதலால் பொறுப்பு மறைவதில்லை. இயங்கும் பொருளையே காட்ட வேண்டியிருத்தலால், கடதாசியில் எழுதிய முன்னேற்றம் செல்லாது. கருத்து மோதலுக்கு அஞ்சும் நோய்க்கு ஜேம்ஸ் கிறெனிங் என்பார் 2002 ஆம் ஆண்டில் கண்ட உபாயம் மிக எளியது. ஒரு வேலை எத்துணைக் கடினமானது என்று மதிப்பிடும்போது, ஒவ்வொருவரும் 1, 2, 3, 5, 8, 13 என்றாற்போன்ற எண்கள் பொறித்த சீட்டுகளுள் ஒன்றைத் தெரிந்து கவிழ்த்து வைப்பர். எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்த்துவர். முதியவர் 3 என்றும் இளையவர் 13 என்றும் காட்டினால், இருவரும் காரணம் கூற வேண்டும். முதியவர் முதலிற் பேசியிருப்பின் இளையவரும் 3 என்றே கூறியிருப்பர். அவர் கண்ட இடரை ஒருவரும் அறிந்திரார். சீட்டு இங்கே சூதுக்குரிய கருவியன்று; வாயில்லாதார்க்கு வாய் தருவது.

இம்முறையால் விளைந்த நன்மைக்கு யாவரும் அறிந்த சான்றொன்று உண்டு. அமெரிக்காவின் எப்.பி.ஐ. என்னும் புலனாய்வுத் திணைக்களம் தன் வழக்கேடுகளைக் கணினியிற் பேண எடுத்த முதல் முயற்சி, ஏறத்தாழ 17 கோடி டொலர் செலவானபின் 2005 ஆம் ஆண்டிற் கைவிடப்பட்டது. ‘சென்ரினல்’ என்னும் இரண்டாம் முயற்சி 2006 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2010 ஆம் ஆண்டளவில் பணத்தின் பெரும்பகுதி செலவாகியும், வகுத்த நான்கு கட்டங்களுள் இரண்டே கைக்கு வந்திருந்தன. அப்போது திணைக்களம் வேலையைத் தானே ஏற்று, ஆட்தொகையைக் குறைத்து, இரு வாரத் தவணைகளில் அஜைல் முறையிலே தொடர்ந்தது. 2012 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அது எல்லா உத்தியோகத்தரின் பாவனைக்கும் வந்தது. குறித்த தவணை அப்பொழுதும் பிந்தியதெனினும், செலவு 45.1 கோடி டொலர் என்ற வரம்பைத் தாண்டவில்லை. ஆட்கள் குறைந்தபின் வேலை நடந்தமை புறூக்ஸ் கூறியதை நினைவூட்டுகின்றது.

ஆயினும், மருந்து மாறினால் நோயாகும். இத்தொழிலிற் பல்லாண்டு உழன்றவன் என்ற முறையில் யான் கண்ட ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். ஒன்பது பேர் கொண்ட குழுவொன்றுக்கு யான் தலைமை வகித்திருந்தேன். காலை தோறும் கூடினோம். பலகையில் வேலைகளை ஒட்டினோம். நூலில் உள்ளபடி யாவும் நடந்தன. எமது குழுவில் அண்மையிற் சேர்ந்த இளைஞர் ஒருவர் நாள்தோறும், “வேலை நடக்கிறது சேர், தடை ஒன்றும் இல்லை” என்றே கூறிவந்தார். பொருளைக் கையளிக்க இரண்டு நாள் இருக்கையில், வட்டிக் கணக்கைச் செய்யும் பகுதி சில தொகைகளுக்குப் பிழையான விடை தருதல் வெளிப்பட்டது. அப்பிழையை அவ்விளைஞர் ஐந்து வாரம் முன்னரே கண்டிருந்தார். ஏன் கூறவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் தலை குனிந்து, “போன மாதம் மற்றவர் ஒரு பிழையைச் சொன்னபோது, எல்லாருக்கும் முன்னால் நீங்கள் அவரைப் பேசினீர்கள் சேர்” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. அவ்வாறு பேசியதை யான் மறந்திருந்தேன், எண்மர் மறக்கவில்லை. கூட்டம் நாள்தோறும் நடந்தது. அதில் உண்மை மாத்திரம் பேசப்படவில்லை. குழுவின் நோய்க்குக் காரணத்தை வெளியே தேடிய யான், அது என் நாவிலிருந்ததை அன்று அறிந்தேன்.

இவ்வனுபவத்தின் பொருளைப் பின்னர் ஓர் ஆராய்ச்சி எனக்கு விளக்கிற்று. ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க அறிஞர், மருத்துவசாலைகளில் மருந்து வழங்குவதில் நிகழும் பிழைகளை ஆராய்ந்தார். சிறந்த குழுக்களிற் பிழை குறைந்திருக்குமென்று அவர் எதிர்பார்த்தார். 1996 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவோ மாறாக இருந்தது. சிறந்த குழுக்களிலேயே பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் மிகுதியாகப் பிழை செய்தன அல்ல. செய்த பிழையை அஞ்சாது வெளியிட்டன என்பதே அவர் கண்ட விளக்கம். பிழையைக் கூறினால் இழிவு நேராது என்று குழுவினர் யாவரும் நம்பும் நிலையை அவர் 1999 ஆம் ஆண்டுக் கட்டுரையில் உளப் பாதுகாப்பு என்று பெயரிட்டு விரித்துரைத்தார். அப்பாதுகாப்பு உள்ளவிடத்து அஜைல் முறை விளக்காகும். இல்லாதவிடத்து அம்முறையே கண்காணிப்பாக மாறும்.

அவ்வாறு மாறும் விதங்கள் சிலவற்றைக் குறித்தல் இளைஞர்க்குப் பயன்படும். முதலாவது, காலைக் கூட்டம் முகாமையாளருக்கு ஒப்புவிக்கும் கூட்டமாதல். பேசுபவர் தம் தோழரை நோக்காது மேலதிகாரியை நோக்கிப் பேசத் தொடங்கினால், அந்நோய் பற்றிவிட்டதென்று அறியலாம். இரண்டாவது, சீட்டிலிட்ட எண்களைக் கூட்டி, இக்குழு இத்தனை புள்ளி, அக்குழு அத்தனை புள்ளி என்று ஒப்பிடுதல். அவ்வெண்கள் குழுவினர் தமக்குள் திட்டமிடும் பொருட்டு இட்டவை. அவற்றாற் பெருமையும் இகழ்ச்சியும் வருமெனின், நேற்று 3 என்றது இன்று 5 ஆகும். வேலை வளராது எண் வளரும். மூன்றாவது, தவணை முடிந்தவுடன் தவணை தொடங்குதலால் ஓய்வின்றி ஓடுதல். தாங்கக்கூடிய ஒரே சீரான வேகத்தை முடிவின்றிப் பேண வேண்டுமென்பது அஜைல் சாசனத்தோடு வெளியான பன்னிரு கோட்பாடுகளுள் ஒன்று. அதனை வசதியாக மறப்போர் பலர். நான்காவது, மீள்நோக்கு வெறும் முறையீடாதல். சென்ற முறை கூறிய குறை இம்முறையும் அவ்வாறே இருப்பின், மூன்றாம் முறை ஒருவரும் வாய் திறவார். ஐந்தாவது, எல்லாருக்கும் பொதுவான வேலை ஒருவருக்கும் உரியதன்று என்றாதல். தளர்ந்த வடம் இங்கே மீண்டும் காட்சியளிக்கின்றது.

சாசனத்திற் கையொப்பமிட்டோரே இக்கேட்டைக் கண்டு வருந்தினர். அவருள் ஒருவராகிய டேவ் தோமஸ், அஜைல் என்னும் சொல் விற்பனைச் சரக்காகிவிட்டதென்று 2014 ஆம் ஆண்டில் எழுதினார். மற்றொருவராகிய மாட்டின் பவுலர், குழுவினர் தாமே தெரிய வேண்டிய முறையை மேலிருந்து அவர்மேற் சுமத்துவதை 2018 ஆம் ஆண்டிற் கண்டித்தார். சடங்கு எஞ்சி உயிர் நீங்கியதென்பதே அவர் கூற்றுகளின் சாரம்.

பரிகாரம் யாது? மீள்நோக்கு முறையை வகுத்த நோர்ம் கேர்த் என்பார் 2001 ஆம் ஆண்டு நூலில் ஒரு முதல் விதியை அமைத்தார். அவரவர் அறிந்த அளவிலும், அவரவர்க்கு வாய்த்த வசதியிலும், யாவரும் தம்மால் இயன்றதையே செய்தனர் என்று ஏற்றுக்கொண்டு பேச்சைத் தொடங்குக என்பதே அது. பிழையை மன்னித்து மறைத்தல் இதன் கருத்தன்று. பிழை செய்தவரை விட்டுப் பிழை பிறந்த வழியை ஆராய்தலே கருத்து. யானும் அந்நிகழ்ச்சிக்குப்பின் சில வழக்கங்களை மேற்கொண்டேன். கூட்டத்தில் ஈற்றிலேயே பேசுவேன். வாரந்தோறும் என் பிழையொன்றை யானே முதலில் எடுத்துரைப்பேன். பிழை கண்டு கூறியவருக்கு, அப்பிழை அவருடையதே எனினும், எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்வேன். மாற்றம் ஒரு நாளில் வரவில்லை. நான்கு திங்கள் கழிந்தபின் ஒரு காலை, முன்னர்க் கூறிய அவ்விளைஞரே, “சேர், நேற்று நீங்கள் சொன்ன வழி சரிவராது” என்றார். அவர் கூறியது சரியாகவே இருந்தது. அக்குழு ஒரு குழுவாகிய நாள் அதுவெனவே எண்ணுகின்றேன்.

ஈற்றில், நம் கல்லூரிச் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம். பெரியோர் முன் அடங்கி நிற்றலை நாம் பண்பெனக் கற்றோம்; அதனை இழிவென்று கூற யான் துணியேன். ஆயின் அடக்கம் வேறு, அச்சம் வேறு. அவையஞ்சாமை என்று தனியதிகாரம் வகுத்தார் வள்ளுவர். இடித்துரைக்கும் பெரியோரைத் துணைக் கொள்ளுதல் அரசனுக்குக் கடனென்றும் நம் நூல்கள் விதித்தன. ஆகவே, மரியாதையோடு மறுத்துப் பேசுதல் நமக்குப் பிறநாட்டார் தர வேண்டிய பாடமன்று. வகுப்பிலே, “ஐயா, இக்கணக்கில் மூன்றாம் வரி பிழை போலும்” என்று எழுந்து கூறும் மாணவனை நம் ஆசிரியர்கள் முகமலர்ந்து ஏற்பாராயின், அவன் நாளை எந்நாட்டில் எத்தொழிலில் அமர்ந்தாலும் தன் குழுவை இடரினின்று காப்பான். பழைய மாணவராகிய நாமும் பதவியில் உயர்ந்த இடங்களில், இளையோர் கூறும் கசப்பான செய்திக்குச் செவி கொடுப்போமாக. வடத்தில் எத்தனை கைகள் உள்ளன என்று எண்ணுதல் எளிது. அக்கைகளுக்கு உரியவர் அஞ்சாது பேசுகின்றனரா என்று அறிதலே தலைவர் கடன்.